சுண்டுவிரல் இல்லாத பொம்மைகள்

ஒற்றைப் பொம்மை கேட்டு வருகிறவனை யார்தான் நம்புவார்கள்? மரப்பாச்சியென்றால் ஆணும் பெண்ணும் ஜோடியாகத்தான் விற்கும். கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு வைத்துக் கொடுக்கிற சாமான் அது. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் கடை முன்னால் வந்து நின்று, பெண் பொம்மை மட்டும் போதும் என்றபோது தாட்சாயணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

கடை திறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் புருஷன் ஆதிநாராயணன் புத்தூர் ஸ்டேஷனில் முப்பது வருஷம் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர். டூட்டி முடிந்து வந்தால் உளியோடு உட்கார்ந்துவிடுவார். தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அவர் செதுக்கிய ஜோடி ஒன்று சும்மாவே போய்ச் சேரும். ரிட்டயரான பிறகு மகள் சுந்தரிதான், திருப்பதியில் கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு கடை பிடிக்கலாம் என்று கிளப்பிவிட்டாள். அவர் செதுக்குவார், தாட்சாயணி உப்புத்தாள் போட்டு எண்ணெய் தடவுவாள், சுந்தரி ஜரிகைத் துணி கட்டுவாள். மற்றவர்கள் பாதத்தைக் கட்டையாகவே விட்டுவிடுவார்கள். அவர் மட்டும் பத்து விரலையும் தனித்தனியாக எடுப்பார். அதில் அவருக்கு ஒரு கர்வம்.

வந்தவன் பேர் நாகேந்திரன் என்றான். அவளிடம் தமிழ் பேசினான், திரும்பி எதிர் டீக்கடையில் தெலுங்கு பேசினான், இரண்டிலும் பிசிறே இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் இந்தப் பக்கம்தான் என்றான். தமிழ்ப் பக்கத்துக்கும் தெலுங்குப் பக்கத்துக்கும் எல்லை எங்கே விழும் என்று தெரியாமல் தாலுக்கா தாலுக்காவாகப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம்; யாரும் சொந்த ஊரை எடுத்தவுடன் சொல்வதில்லைதான். ஆனால் இவன் மரம் எங்கே எடுக்கிறீர்கள், ஒரு பொம்மைக்கு எத்தனை நாள் ஆகும், வீட்டில் யார் யார் என்று துருவினான். இத்தனையும் எதற்கு?

சூனியத்துக்குத்தான் என்று அவள் முடிவு கட்டினாள். ஜோடியைப் பிரித்துப் பெண்ணுருவத்தை மட்டும் வாங்கிப் போகிறவன் வேறு எதற்கு வாங்குவான்? நாளைக்கு எவர் வீட்டு வாசலிலாவது ஊசி குத்திய பொம்மை கிடந்து, பாதத்தைப் பார்த்ததுமே ஆதிநாராயணன் கைவேலை என்று தெரிந்துபோனால், அப்புறம் எந்தக் கல்யாண வீட்டார் இந்தக் கடைப் படி ஏறுவார்கள்? இல்லையென்று சொல்லி அனுப்பவும் பயம். கோபத்தில் அவளுக்கே ஏதாவது வைத்துவிட்டால்?

பின்னமான உருவம் பூஜைக்கும் ஆகாது, சூனியத்துக்கும் ஆகாது. பேப்பரில் சுற்றுகிற சாக்கில் உள்ளே திரும்பி, சின்ன உளியால் இடதுகால் சுண்டுவிரலைச் சீவிவிட்டுக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து அவன் மறுபடி வந்தான். மறுபடியும் பெண் பொம்மை மட்டும். முதல் பொம்மை பலிக்காமல்தான் வந்திருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இன்னொரு சுண்டுவிரல் போனது.

வீட்டில் சொன்னபோது புருஷன் சிரித்தார். எவளோ பொண்டாட்டிக்கு ஆசையாக வாங்கிப் போகிறான் என்றார்.

"மாசத்துக்கு ஒரு பொண்டாட்டியா கட்டிக்கினு இருக்கான்?" என்று கேட்டாள். விரல் சமாசாரத்தை மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் முறை அவன் வந்தபோது ஆதிநாராயணனும் கடையில் இருந்தார். தாட்சாயணி வழக்கம்போலச் சீவி, சுற்றிக் கொடுத்தாள். அவன் நகரவில்லை. அங்கேயே பிரித்துப் பாதத்தைப் பார்த்தான். பிறகு தோள்பையிலிருந்து பழைய இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினான். மூன்றிலும் அதே காலில் அதே விரல் இல்லை.

அவன் மெட்ராஸில் ஒரு பெரிய பொம்மைக் கடைக்குச் சரக்கு பார்த்துக் கொடுப்பவனாம். சொன்னால் விலையை ஏற்றுவார்கள் என்று மறைத்தானாம். மாதிரிக்கு ஒன்று கேட்டார்கள். பெண் பொம்மையின் முகம் பிடித்துப்போய் அதை அனுப்பினான். ஊனம் என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவதும் அப்படியே. கடைசியாக இன்னும் ஒன்று பார்ப்பார்கள், சரியாக இருந்தால் மாதாமாதம் இருபது ஜோடி என்று கடிதத்தை எடுத்து நீட்டினான். பொம்மை செய்கிறவருக்குக் கவனம் போதவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது.

ஆதிநாராயணன் கடிதத்தைப் படித்தார். பொம்மையை வாங்கி, விரல் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். உப்புத்தாள் படாத வெட்டு, எண்ணெய் காணாத மரம். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தாட்சாயணியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"கண்ணு மங்கிப் போச்சி சார். என் உளிதான் தப்பியிருக்கும்."

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. அதற்கு மேல் அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

"அவரு இல்ல. நான்தான் சீவனேன். நீ சூனியம் வெக்கிறவன்னு நெனச்சிக்கினு."

நாகேந்திரன் அவளைப் பார்த்தான். அவள் பக்கத்தில் கிடந்த சின்ன உளியைப் பார்த்தான். ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

தாட்சாயணி அலமாரியிலிருந்து வேறொரு பெண் பொம்மையை எடுத்தாள். பேப்பர் இல்லாமல், அப்படியே அவன் கையில் வைத்தாள். இவனை முழுசாக நம்பிவிட்டாளா என்றால், இன்னும் இல்லை. கடிதம் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

அவன் பொம்மையை வெயிலுக்குக் கொண்டுபோய் விரல்களை எண்ணினான். பத்து. அவள் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினான்.