கிராதியில் முதல் ஆள்

கழக ஆட்சி வந்து இரண்டாவது வருஷம். அறுப்புக் கூலிக்காக வயல்களில் தகராறு புகைந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, பாபநாசத்துக்குக் கிழக்கே ஒரு மாதா கோயிலில் பலிபீடத்தைத் திருப்பி வைத்தார்கள்.

அதுவரை சாமியார் சனங்களுக்கு முதுகைக் காட்டி லத்தீனில் பூசை வைப்பார். ஒருவருக்கும் ஒரு மண்ணும் விளங்காது. ரோமாபுரியில் உலகத்து ஆயர்களெல்லாம் பொதுச்சங்கம் கூடி, இனி சனங்களைப் பார்த்து நின்று அவரவர் பாஷையிலேயே பூசை வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். புதுச் சாமியாருக்கு ஞாயிறுதோறும் அதுதான் பிரசங்கம். முதல் சங்கம் ஜெருசலேமில் கூடியதாம். வேற்று இனத்தாரைச் சேர்ப்பதா என்ற கேள்வி வந்தபோது, பேதுருவும் பவுலும் எடுத்துப் பேசி அப்படியே சேர்த்துக்கொண்டார்களாம். அப்புறம் நிசேயா சங்கம், திரெந்து சங்கம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

எல்லாம் சரி. ஆனால் கூலிக்காரி சவரியாயி முழங்கால் போடுவது கோயிலின் பக்கச் சிறகில். நடுக்கூடம் மிராசுதார் இராயப்பருக்கும் அவர் சாதிசனத்துக்கும். திரும்பி நின்ற சாமியாரின் முகம் அவர்களுக்குத்தான் தெரிந்தது. சிறகிலிருந்து பார்த்தால் ஒரு காது. அடச்சீ, இதற்கா இத்தனை ஆயர்கள் கப்பலேறிப் போனார்கள்!

நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்குவதிலும் இதே கதைதான். பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதித் தடுப்பில் நடுக்கூடத்தார் வாங்கி முடித்த பிறகே சிறகுக்காரர்கள் போகலாம்.

அடுத்த ஞாயிறு நற்கருணைக்கு மணி அடித்ததும் சவரியாயி விறுவிறுவென்று நடந்து, கிராதியின் நட்டநடுவில் முதல் ஆளாக மண்டியிட்டாள்.

இராயப்பர் எழுந்தேவிட்டார். "ஏய் சவரி! வயல்லதான் கூலிக்குச் சங்கம் வச்சு ஆடுறீங்க. கோயில்லயுமா?"

"இந்தச் சங்கத்த நாங்க வைக்கலைங்க ஐயா. ஆயர்மாருங்க வச்சது."

"உன் குடிச நிக்கிறது என் மனைக்கட்டுல. இன்னிக்கே பிரிச்சுப் போட்டுடுவேன்."

கீற்றுக் குடிசைதான், ஆனால் அதை விட்டால் அவளுக்கும் மகளுக்கும் போக்கிடம் கிடையாது. இருந்தும் எழுந்திருக்கவில்லை.

சாமியார் நற்கருணைப் பாத்திரத்தோடு வந்து குனிந்தார். "எழுந்து போம்மா. சங்கம் சொன்னதெல்லாம் நடக்கும். கொஞ்சம் பொறுத்துக்க."

"பேதுருவும் பவுலும் கூடின நாள்லேருந்து பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கோம் சாமி. எங்களுக்குக் கெடையாதுன்னு இந்தச் சங்கத்துல சொல்லியிருந்தா சொல்லுங்க, போயிடுறேன்."

சாமியார் நிமிர்வதற்குள் சிறகிலிருந்து சேலைகள் சரசரக்கும் சத்தம் கேட்டது. நடவுக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவளுக்கு இரண்டு பக்கமும் மண்டியிட்டார்கள். கிராதியில் வேறு யாருக்கும் இடமில்லை.

சவரியாயி மிராசுதாரைத் திரும்பிப் பார்த்தாள். "குடிசயப் பிரிக்கிறதுன்னா மத்தியானமா வாங்கய்யா. பூச முடியாம நான் வர்றதா இல்ல."

பிறகு சாமியாரைப் பார்த்து அப்பத்துக்காக நாக்கை நீட்டினாள்.

அவர் இராயப்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அப்பத்தை எடுத்து, "கிறிஸ்துவின் உடல்" என்றார், குரல் எழும்பாமல்.

"ஆமென்" என்றாள் சவரியாயி, வெளிவாசல்வரை கேட்கிற மாதிரி.