கடைசி பெஞ்சுக்காரர்

கோயிலுக்குள் நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். சவப்பெட்டியை மாற்றி வைத்திருந்தார்கள்.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இதற்கொரு முறை உண்டு. சாதாரண ஆள் செத்தால் கால் பீடத்தின் பக்கம் இருக்கும். பூசைக்கு வந்தவர் போலவே பீடத்தைப் பார்த்துக் கிடப்பார். சாமியார் செத்தால் தலை பீடத்தின் பக்கம், முகம் சனங்களைப் பார்த்து. என் கணவர் ஜெயராஜின் தலை பீடத்தின் பக்கம் இருந்தது. கையில் கொடுத்த அட்டையில் 'அருட்தந்தை ஜெயராஜ், 1931–1989' என்று அச்சடித்திருந்தார்கள். பத்தொன்பது வருடம் அவரோடு குடித்தனம் நடத்திய இந்தத் தவமணியின் பெயரை அட்டையின் பின்பக்கம்கூடத் தேடிப் பார்த்தேன். இல்லை.

கோயில் கமிட்டித் தலைவர் சற்குணம் ஓடி வந்தார்.

"அக்கா, ஃபாதர் லூர்து பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டாரு. சாமியாரா இருந்தவரு, சாமியாராவே போகட்டும்லா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெரிய மனசாம்! என் வீட்டுக்காரர் குருத்துவத்தை விட்டு விலக ரோமிலிருந்து அனுமதி வந்த பிறகும், எங்கள் கல்யாணம் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் காலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடந்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்று நிபந்தனை. பிறகு இந்தக் கோயிலில் நாங்கள் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவார்கள். 'சாமி, சாமி' என்று சுற்றிவந்த இதே சற்குணம், அவரைத் தெருவில் கண்டால் சைக்கிளைச் சந்துக்குள் திருப்புவார். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாகிவிட்ட என் மனுஷனோ, ஒரு ஞாயிறு தவறாமல் வந்து கடைசி பெஞ்சில் என் இடது பக்கம் உட்காருவார். முன்னால் போவோமே என்றால், "இங்கேருந்துதான் எல்லாரையும் பாக்கலாம், தவம்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

"திருப்பி வைங்க," என்றேன்.

பங்குச் சாமியார் ஃபாதர் லூர்து வயதில் சின்னவர். "அம்மா, இது அவருக்குச் செய்ற மரியாதை."

"உயிரோட இருந்தப்ப செஞ்சிருக்கலாமே, ஃபாதர். இப்ப சாமியாராப் புதைச்சிட்டா, நான் யாரு? வைப்பாட்டியா?"

பாடகர் குழுவின் பாட்டு நின்றது. பெட்டி இருந்த தள்ளுவண்டியை நானே பிடித்து இழுத்தேன், நகரவில்லை. வாசலில் நின்றிருந்த சீனி முகம்மது, அவரோடு வேலைக்குத் தினமும் ஃபெரிக் கப்பல் ஏறிய கிடங்குத் தோழர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குனிந்து சக்கரத்தின் பிரேக்கைத் தட்டிவிட்டார்.

"எந்தப் பக்கம்க்கா?"

திருப்பினோம். கால் பீடத்தின் பக்கம் வந்தது. அதோடு விட்டிருக்கலாம், எனக்கு ஆறவில்லை. "இன்னும் இழுங்க, தம்பி," என்றேன். சக்கரம் கிறீச்சிட, நடுவழியே பின்னால் கொண்டுபோய்க் கடைசி பெஞ்சருகே நிறுத்தினோம். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். என் இடது பக்கம் அவர்.

முன்பெஞ்சிலிருந்து ஒவ்வொரு தலையாகப் பின்னால் திரும்பியது. சற்குணத்தின் தலையும்தான். ஃபாதர் லூர்து பெட்டிமேல் தெளிக்க வேண்டிய தீர்த்தச் செம்போடு பீடத்தருகிலேயே நின்றார். அங்கிருந்து எங்கள் பெஞ்சுக்கு அறுபது அடியாவது இருக்கும்.

நடந்து வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.