புறாத்தீவுக்குப் போன ஞாயிறு

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் புருஷன் பத்திநாதன் நுவரெலியாச் சந்தையைத் தாண்டி என்னை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, "றோசு, மாதா கோயில்ல இருந்து நாளைக்கு ராவு திருகோணமலைக்கு பஸ் போகுது. நம்ம ரெண்டு பேருக்கும் சீட்டு சொல்லிட்டேன். அங்க புறாத்தீவுன்னு ஒண்ணு இருக்காம். ஆமை, சுறா எல்லாம் கிட்ட நின்னு பாக்கலாமாம்" என்றார்.

"என்னங்க, மருந்தடிக்கிற எடத்துல மூஞ்சிக்கு துணி கட்டலையா? தலைக்கு ஏறிருச்சா?" என்று கேட்டேன். சிரித்தார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

ஆனால் மனசு வேறொரு இடத்திலும் கிடந்தது. எங்கள் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் பழைய கங்காணி வயதாகி நின்றுவிட்டார். அந்த இடத்துக்கு என்னைப் போடலாம் என்று, மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா தோட்டத்து மேனேஜர் துரையிடம் சொல்லியிருந்தார். இளசுகள் எல்லாம் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போய், ஆள் குறைந்துவிட்டதால் ஆம்பளை, பொம்பளை எல்லாருக்கும் இனி ஒரே கங்காணி. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று எல்லார் பேரையும் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்துவிட வேண்டும். அந்த இடத்தில் ஒரு பொம்பளை நின்றதே கிடையாது. கொழுந்துக் கூடை இழுத்து இழுத்து என் தோள்பட்டை செத்துப்போயிருந்தது என்பது ஒரு காரணம். அதைவிட, அந்தக் களத்தில் என் குரல் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வெறி பிடித்த ஆசை.

"துரை எப்பங்க முடிவு சொல்வாராம்?" என்று கேட்டேன்.

"அவரு கண்டிக்குப் போயிருக்காராம். அடுத்த கிழமைதான் வருவாராம். கண்டாக்கு ஐயா என்கிட்டயே சொன்னாரு" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை எனக்குத் தந்தார். வளைவுகளில் எனக்குக் குமட்டியபோது முகம் சுளிக்காமல் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடிந்து நிலாவெளிக் கரையில் படகு ஏறும்போது, பஸ்ஸில் வந்த லயத்து வரிசைவீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க என் கையைப் பிடித்தார். பக்கத்து வீட்டு சுலக்ஷனா, "அக்கா, புதுப் பொண்ணு மாதிரி வெக்கப்படுறீங்க" என்று கிண்டல் செய்தாள். போடி என்றேன்.

தீவில் முழங்கால் தண்ணீரில் நின்றோம். தண்ணீர் அத்தனை தெளிவு, கால் விரலை எண்ணலாம். "அம்மா, அசையாம நில்லுங்கோ, ஒண்டும் செய்யாது" என்று படகுக்காரர் கையைக் காட்டினார். செட்டை நுனியில் கறுப்பு வைத்த குட்டிச் சுறாக்கள் எங்கள் காலைச் சுற்றிக்கொண்டு போயின. பாறை இடுக்கில் புறாக்கள். நான் என் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மாதாவே, கடைசியிலாவது இந்த மனுஷனுக்கு என்மேல் அன்பு வந்ததே என்று நெஞ்சு நிறைந்துபோனது.

அப்போதுதான் போன் அடித்தது. என்னோடு கொழுந்து பறிக்கிற நிஷாந்தி.

"ஏன்டி இப்படிப் பண்ணிட்ட? ஞாயித்துக்கிழமையும் வேலை போட்டாங்கடி, இன்னைக்குப் பெரட்டுல துரை வந்து கங்காணி யாருன்னு கேட்டாரு. றோசலினுக்கு வேணாமாம், அவ புருஷனே வந்து சொல்லிட்டாருன்னு கண்டாக்கு சொன்னாரு. அங்கேயே என் பேரைச் சொல்லிட்டாங்கடி. ஒன்கிட்ட கேக்காம நான் எப்படி…"

போனை அவர் முன்னால் நீட்டினேன். "என்னங்க இது?"

"சத்தம் போடாத, ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்! துரை கண்டியிலன்னு சொன்னீங்களே?"

தண்ணீரை விட்டு ஏறி என்னைப் பாறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பிறகு, "நீ பெரட்டுல நின்னு என் பேரைக் கூப்புடுவ. நான் கையத் தூக்கிக்கிட்டு ஒனக்கு முன்னால நிக்கணுமா? லயத்துல ஒருத்தன் மதிப்பானா என்னைய?" என்றார்.

"அத வீட்டுல என் மொகத்தப் பாத்து சொல்லியிருக்கணும். சண்ட போட்டிருப்பேன், அழுதிருப்பேன், அப்புறம் நானே முடிவெடுத்திருப்பேன். ஆமைய காட்டுறேன், சுறாவ காட்டுறேன்னு கூட்டியாந்து கழுத்தறுத்துட்டீங்களேய்யா! பாவி!"

கண்டாக்கு ஐயாவுக்குப் போன் போட்டேன். "நான் வேணாம்னு சொல்லவே இல்லங்க ஐயா" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். "ஒன் புருஷன் சொன்னா நீ சொன்ன மாதிரின்னு நெனச்சேன் றோசலின். துரை எழுதியே குடுத்துட்டாரு. இனி நான் என்ன செய்ய?" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆமை தலையை மேலே நீட்டியது. எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். "றோசு, பாரு, ஆமை" என்று இவர் மெதுவாகச் சொன்னார். நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரைக்குப் போகும் படகு வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவருக்காக நானே நியாயம் தேடினேன், அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஆம்பளை, பொம்பளைக்குக் கீழே நின்று பழக்கமில்லை, பயந்துவிட்டார் என்று என் மனசைச் சமாதானப்படுத்தினேன். பாதி மன்னித்தும்விட்டேன்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களம். நிஷாந்தி புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

"பத்திநாதன்!"

"இருக்கேங்க!" என்று இவர் கையைத் தூக்கினார். சிரித்த முகம். தொப்பியைக்கூடக் கழற்றினார். சுற்றி நின்ற ஆம்பளைகளில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பொம்பளைக்கு முன்னால் நிற்பது அவருக்கு ஒரு குறையாகவே இல்லை. அந்த இடத்தில் நான் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

"ஏங்க," என்று அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டேன், "இவ்வளவு லேசாவா கை தூக்க வருது ஒங்களுக்கு?"

அவர் கை இறங்கியது. நிஷாந்தி அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.