படத்துக்குக் கீழே அப்பாவின் வரி

கூடத்தில் அம்மா உயிரில்லாமல் கிடக்கிறாள், அப்பா படம் காட்டிக்கொண்டிருக்கிறார். பூச்சரத்தின் நூலை நறுக்கிக்கொண்டிருந்த ராஜலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாருடா சேஷு, உங்கக்கா கைவண்ணம். இருபது வருஷமா தன் கதையைக் கட்டம் கட்டமாப் போட்டு வெச்சிருக்கா. கீழ எழுதினதெல்லாம் நான்."

சேஷு அம்மாவின் தம்பி. கரோல் பாகிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்தவரை, அக்காவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவிடாமல் கையில் காகிதக் கட்டைத் திணித்தால் என்ன செய்வார்? தலையாட்டினார்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும்: அப்பா, செக்‌ஷன் ஆபீசர் கல்யாணராமன், கையில் எந்தக் காகிதம் வந்தாலும் குறிப்பு எழுதாமல் நகராது. ஆபீஸ் ஃபைலோடு நிறுத்திக்கொண்டாரா? இல்லை. மதியம் அம்மா பென்சிலால் வரைந்ததை, சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே இங்க் பேனாவால் முடித்துவைத்தார். அதுவும் அம்மாவே சொல்வதுபோல். அம்மா ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாரா மனுஷர்!

அப்பா ஒரு தாளை எடுத்து உரக்கப் படித்தார். "'அறுபத்திரண்டாம் வருஷம். மந்திர் மார்க் பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை கிடைத்தது. குடும்பமே பெரிது என்று நானே வேண்டாமென்றேன்.' எப்பேர்ப்பட்ட மனசு!"

ராஜலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். மூன்று கட்டம். முதலில் பஸ் ஸ்டாப்பில் புதுக் குடையோடு ஒரு பெண். அடுத்ததில் பஸ் புறப்படுகிறது. அவள் மணிக்கட்டைக் கடிகாரம் கட்டிய ஓர் ஆண் கை பிடித்திருக்கிறது. மூன்றாவதில் அடுப்படி. அவள் முதுகு மட்டும் தெரிகிறது, குடை ஆணியில் தொங்குகிறது. அந்தக் குடை இன்னும் அந்த ஆணியில்தான் இருக்கிறது.

"அம்மா வாயால இன்னும் எத்தனை நாள் நீங்களே பேசப்போறேள்?"

"ராஜி, துக்க வீட்டுல என்ன சத்தம்? வெறும் படத்தைப் பார்த்தா நாலு பேருக்கு என்ன புரியும்?"

"புரிஞ்சுடும்னுதானே எழுதினேள்!"

தாளைப் பிடுங்கினாள். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. படத்துக்குக் கீழே நேராக நறுக்கினாள். அந்த முத்து முத்தான கையெழுத்து, உதிர்ந்த பூவோடு தரையில் விழுந்தது. மிச்சத்தைச் சேஷுவிடம் நீட்டினாள்.

"இப்பப் பாருங்கோ, மாமா."

சேஷு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளை அப்பா பக்கம் திருப்பினார்.

"அத்திம்பேர், இது யார் கை?"

வாசலிலிருந்து சாஸ்திரிகள் குரல் கொடுத்தார். பழக்கதோஷத்தில் அப்பாவின் கை பேனாவைத் தேடி மார்புக்குப் போயிற்று. காரியத்துக்காகச் சட்டையைக் கழற்றியிருந்தார்.