கண்ணாடி வீட்டில் கிரகணம்

1999 ஆகஸ்ட் பதினொன்று. நால்ட்வெய்க்கில் இருந்த கோவெர்ட்டின் தக்காளித் தோட்டத்துக்கு சீட்ஸ்கே காலை பத்து மணிக்கே வந்துவிட்டாள். நான்கு ஹெக்டேர் கண்ணாடி வீடு, ஒரு லட்சம் செடி. அதன் சூடு, ஈரம், ஜன்னல், திரை எல்லாவற்றையும் நடத்தும் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்த இன்ஜினியர் அவள்தான். நடுப்பகலில் சூரிய கிரகணம். ராத்திரி என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூரைத் துணித்திரையை இழுத்து மூடி, குழாய்களில் வெந்நீரை விட்டுவிடுமோ என்று கோவெர்ட் ஒரு வாரமாக போன்மேல் போன் போட்டிருந்தார்.

"உன் பெட்டிக்குக் கிரகணம்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது. அதான் ரெண்டு மணி நேரம் வெளிச்சத்தைக் கண்டுக்காதேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"புருஷன்கிட்ட சொல்ற மாதிரி சொல்றே."

"அவர் கேக்க மாட்டார். இது கேக்கும்."

பதினொன்றரைக்கு மேல் வெளிச்சம் மங்கியது. மேகம் மறைத்தது போல இல்லை. நிழல்கள் முன்னைவிடக் கூர்மையாக இருந்தன. திரை அசையவில்லை. சீட்ஸ்கே நிம்மதியாகக் காப்பியை எடுத்தபோது கம்ப்யூட்டரில் காற்றின் ஈரத்தைக் காட்டும் கோடு ஏறத் தொடங்கியது. எண்பத்தைந்து சதவீதம், எண்பத்தொன்பது, தொண்ணூற்று மூன்று. காற்று குளிர்ந்ததும் ஜன்னல்கள் தாமாக மூடிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்குத் தடை போட்டவள் குளிரை மறந்துவிட்டாள். காய்மேல் நீர் கோத்தால் பூஞ்சை பிடிக்கும்.

கோப்பையை வைத்துவிட்டு, விசையைத் தட்டித் தானே ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். பிறகு ஈரத்தை விரட்டக் குழாய்களில் வெந்நீரை ஓடவிட்டாள்.

"எது நடக்கும்னு பயந்தேனோ அதை நீயே செய்யறியே," என்றார் கோவெர்ட்.

"சும்மா இருங்க, கோவெர்ட்."

எண் தொண்ணூற்று நான்கில் நின்றது, மெல்ல இறங்கியது. அப்போதுதான் அதன் பக்கத்தில் ஓடிய இன்னொரு கோடு கண்ணில் பட்டது. ஒரு வரிசைச் செடிகள் தராசின் மேல் நின்றன. எவ்வளவு தண்ணீரை ஆவியாக வெளியே விடுகின்றன என்பதை அந்தக் கோடு காட்டும். சூரியன் தேயத் தேய அதுவும் நிமிடம் தவறாமல் தேய்ந்திருந்தது. அவள் ஜன்னலைத் தொடுவதற்கு முன்பே செடிகள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்கு யாரு சொன்னா?" என்றார் கோவெர்ட். குரல் தணிந்திருந்தது.

இருவரும் கம்ப்யூட்டர் அறையை விட்டுச் செடிகளுக்கு நடுவே போனார்கள். மகரந்தச் சேர்க்கைக்காக வளர்க்கும் வண்டுகள் பூக்களை விட்டு ஒவ்வொன்றாகத் தங்கள் அட்டைப்பெட்டிக் கூட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. வெள்ளை விரிப்பு போட்ட நடைபாதையில் கோவெர்ட் சட்டென நின்றார். இலை இடுக்குகள் வழியே விழுந்த வெயில் வட்டங்கள் அத்தனையும் பிறைகளாகியிருந்தன. வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, ஆயிரக்கணக்கில். அவர் சட்டையில், அவள் கையில்கூட. எட்டு வருடமாக வெயிலை எண்ணாக மட்டுமே படித்தவள் உள்ளங்கையை நீட்டி ஒரு பிறையை ஏந்தினாள். எடையே இல்லை.

"மிதிக்க மனசு வரலை," என்றார் அவர்.

பிறைகள் மெல்லப் பெருத்தன. வண்டுகள் வெளியே வந்தன. செடிகள் மறுபடி தண்ணீர் குடிக்கத் தொடங்கின. ஒரு காயில்கூட நீர் கோக்கவில்லை.

அவளுக்கு அங்கே வேலை எதுவும் மிச்சமில்லை. இருந்தும் மூன்று மணிவரை செடி வரிசைகளுக்குள் நடந்துகொண்டே இருந்தாள்.