வலது காதுப் பக்கம்

1

இந்தக் கதைக்கு என் வாய்த்துடுக்குதான் காரணம். எதிர்வீட்டு டெல்மர், மகள் நடீனோடு ஒமாஹாவிலிருந்து டென்வருக்குக் காரில் கிளம்பிக்கொண்டிருந்தார். பெரிய மகள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு வருடா வருடம் இதே கூத்துதான்.

"பிளேன்ல ஒன்றரை மணி நேரம். எட்டு மணி நேரம் எதுக்கு இந்தப் பாடு?" என்றேன்.

டெல்மர் சிரித்துவிட்டுச் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினார். அது பதில் இல்லை. எனக்கோ பதில் வராவிட்டால் தூக்கம் வராது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

2

'நெப்ராஸ்காவின் தட்டையான நிலத்தில், முடிவே இல்லாத…'

[அடித்துவிட்டேன். குடியிருக்கும் ஊரைக் குறை சொல்லிக் கதையைத் தொடங்குவது சுலபம்.]

'நடீன் காரை ஓட்ட, பக்கத்தில் டெல்மர்…'

இது நன்றாக ஓடியது. இரண்டு பக்கம் அப்பாவும் மகளும் பேசித் தீர்த்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: டெல்மருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வேலியோரம் நின்று பேசும்போதுகூட என்னைத் தன் வலது பக்கம் தள்ளி நிறுத்திக்கொள்வார்.*

(*இங்கே அமெரிக்காவில் ஸ்டீயரிங் இடப்பக்கம். பக்கத்து இருக்கையில் டெல்மரை உட்காரவைத்தால், மகள் பேசுவதெல்லாம் அந்தச் செத்த காதுக்குத்தான் போகும்.)

இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின. ஆனால் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

3

இப்போது டெல்மர் ஓட்டுகிறார். பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க். இனி நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று எப்படியாவது சாவியை வாங்கிவிடுவது என்று வந்திருக்கிறாள் நடீன்.

"சாவியைக் குடுங்கப்பா."

"எதுக்கு? தோ, தூரத்துல வர்ற லாரிகூடத் தெரியுது எனக்கு."

"அது லாரி இல்லப்பா. சோளக் கிடங்கு."

"அதான் இன்னும் வந்து சேரலையா!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"அடுத்த வருஷம் பிளேன்தான். டிக்கெட் நானே போடறேன்."

"வேண்டாம் குட்டி."

"ஏன் இந்தப் பிடிவாதம்? நான் ஓட்டினா நம்பிக்கை இல்லையா?"

டெல்மர் விதைத் தோலைக் காகிதக் கோப்பைக்குள் துப்பினார். "பிளேன் இரைச்சல்ல உன் பேச்சு கேக்காது. அக்கா வீட்ல எல்லாரும் ஒண்ணாப் பேசுவாங்க, நான் சும்மா தலையாட்டிட்டு இருப்பேன். போன்ல நீ 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டுட்டு வெச்சிடற. நான் ஓட்டினாத்தான் நீ இந்தப் பக்கம் உக்காருவ." வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

[இங்கே நடீனை அழவைக்க நினைத்தேன். அவள் அழவில்லை.] அந்த இருக்கையில் எத்தனை வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்கினோம் என்று நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

4

முடிவு ஒன்று: டெல்மரே ஓட்டுகிறார். [முடியாது. அந்தச் சாலையில் நானும் போகிறேன்.]

முடிவு இரண்டு: நடீன் ஓட்டுகிறாள், பக்கத்தில் டெல்மர். டென்வர் வரை ஒரே மௌனம். [என் மனசு கேட்கவில்லை.]

மூன்றாவது நடீனுக்குத் தோன்றியது. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் கதவைத் திறந்தாள்.

"இங்க உக்காருங்க. இந்த இடது ஜன்னல் வழியா வெளிய பாருங்க. வலது காது தானா என் பக்கம் திரும்பிடும்."

"பின்சீட்லயா? நான் என்ன கைக்குழந்தையா?"

"முதலாளின்னு நினைச்சுக்கோங்க."

டெல்மர் முணுமுணுத்துக்கொண்டே சாவியை அவள் கையில் வைத்தார். உள்ளே ஏறி, வயலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கார் கிளம்பிவிட்டது. நடீன் வாயைத் திறக்கிறாள். இவ்வளவு வருடம் கழித்து அவள் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை ஏழு முறை எழுதினேன், ஏழும் பொய். அதை நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் உரக்க, அவர் காத்திருக்கிறார்.