அத்தான் பேரில் போன டப்பா

எங்கள் அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். அடுத்தவன் பாஸைக் காட்டி ஏறியவனை, அவன் முழிக்கிற முழியை வைத்தே பிடித்து, அபராதம் போட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடுவது அவர் தொழில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்த கதையைக் கேட்ட எல்லோரும் கடைசியில், "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்கிறார்கள். அப்போது சொன்னால் நம்புவதில்லை.

டப்பாவைக் கொண்டுவந்தது அம்மா. வயது ஐம்பதைத் தாண்டினால், உடம்பில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், பெருங்குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கிளினிக் நர்ஸ் சொல்லிக் கொடுத்தனுப்பியிருந்தார். டப்பாவுக்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குழாய், மூடியோடு ஒட்டிய ஒரு குச்சி. காலையில் போகிற காரியத்துக்குப் போய், போனதைக் குச்சியால் நாலு இடத்தில் தொட்டு, குழாய்க்குள் விட்டு மூடினால் வேலை முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் இல்லை. இவ்வளவு வசதி செய்துகொடுத்தும் அப்பாவுக்கு வெட்கம் வந்தது.

தினமும் காலையில் அம்மா கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று, "என்னங்க, எடுத்தாச்சா?" என்பாள்.

"நீ வாசல்ல நின்னா எனக்கு எப்படி வரும்?" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அம்மா நகர்ந்துபோவாள். அப்பா வெளியே வருவார். குச்சி கன்னி கழியாமல் இருக்கும். ஒரு நாள் மறந்துவிட்டது. ஒரு நாள் கை தானாகத் தண்ணீரைத் திறந்துவிட்டது. ஒரு நாள் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

"ஏம்பா, ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

"உனக்கு நாலு பாடம் பாக்கி இருக்கு. அதை எழுதி முடி, அப்புறம் என் குடலைப் பத்திப் பேசு" என்றார். இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவர் விளக்கவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை, அப்பா குழாயைக் கவரில் போட்டு, தன் பெயரை எழுதி, அம்மா கையில் கொடுத்தார். அம்மா அதை வாங்கிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பட்டம் வாங்கினால்கூட அவ்வளவு பூரிப்பு வராது. நான் பட்டம் வாங்குவேன் என்ற நம்பிக்கையும் அவளுக்கு இல்லை, அது வேறு விஷயம்.

அடுத்த வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரத்தம் தெரியுது. உடனே கேன்சர்னு நினைச்சிடாதீங்க, பல பேருக்கு வேற காரணமா இருக்கும். ஆனா என்னன்னு தெரியணும்னா உள்ள கேமரா விட்டுப் பாக்கணும். தள்ளிப்போடாம அவரைக் கூட்டிட்டு வாங்க."

நர்ஸ் போனை வைத்தார். அம்மாவின் முகம் சுவர்மாதிரி ஆகிவிட்டது. அப்பா, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.

"என்னங்க, அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல."

"ரத்தம் வந்திருக்குங்க!"

"வரட்டும். எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல."

அம்மா அழ ஆரம்பித்தாள். நான் கத்த ஆரம்பித்தேன். அப்பா பொறுமையாகச் சோற்றைப் பிசைந்தார். கடைசியில், எங்கள் இருவரின் அறியாமையைக் கண்டு மனம் இரங்கியவர்போல், "அட, அது என்னோடது இல்ல" என்றார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பின்ன யாரோடது?" என்றாள் அம்மா.

அப்பா சோற்றுப் பக்கம் குனிந்தார். ஆனால் மேசையின் மறுமுனையில், வாய்க்குக் கொண்டுபோன கையோடு ஒருவர் உறைந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் ஆகாமல் எங்கள் மாடியறையில் இருக்கிறார். வயது நாற்பத்தொன்பது. அம்மாவின் கணக்கில் சின்னப் பையன்.

"மாமா?" என்றேன்.

"அத்தான் கஷ்டப்பட்டாரு" என்றார் மாமா. "எனக்குக் காலையில டாண்ணு வந்துடும். ஒரு உதவிதானே."

"உதவியா? இதுலயாடா உதவி?" என்றாள் அம்மா. பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "ஊர்ல அடுத்தவன் பாஸ்ல வர்றவனுக்கெல்லாம் அபராதம் போடுறீங்களே, உங்களுக்கு யாரு போடுறது?"

"அது அரசாங்கத்துக்கு நஷ்டம். இது நம்ம வீட்டுக்குள்ள" என்றார் அப்பா.

அம்மா கையைக் கழுவிவிட்டு, "சரி. அப்ப நீ கிளம்பு" என்றாள் தம்பியிடம்.

"நான் ஏன்? பேரு அத்தானோடது. ரிசல்ட்டும் அத்தானோடதுதான்."

"பொருள் உன்னோடது மாப்ள" என்றார் அப்பா.

"குடுத்ததுக்கு அப்புறம் அது உங்களோடது அத்தான். நான் திருப்பிக் கேக்கல."

இரண்டு வளர்ந்த ஆண்கள், ஒருவர் இன்னொருவருக்கு அதை விட்டுக்கொடுக்க, பெருந்தன்மையோடு சண்டை போட்டார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

அப்பாவே போன் செய்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டாள். செய்தார். மறுமுனையில் நர்ஸ் அப்பாவின் பெயரை இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தார். பிறகு, "சார், நீங்க படிச்சவர்தானே?" என்றார். அப்பா, "ஓரளவுக்கு" என்றார். அவருக்குப் புதிதாக ஒரு டப்பா தருவதாகவும், டப்பாவின் உண்மையான சொந்தக்காரர் உடனே வர வேண்டும் என்றும் நர்ஸ் சொன்னார்.

சொந்தக்காரர் வரவில்லை. முதலில் பீட்ரூட் சாப்பிட்டதாகச் சொன்னார். அந்தச் சோதனைக்குப் பீட்ரூட் ஒரு பொருட்டே இல்லை என்றார் நர்ஸ். பிறகு மூலம் இருக்கலாம் என்றார். இருக்கலாம், வந்து பார்க்கலாம் என்றார் நர்ஸ். பிறகு ஊரில் இருக்கிற லிஃப்ட்டெல்லாம் ஒரே நேரத்தில் பழுதாகின. மூன்று வாரம் போனது. அம்மாவுக்குத் தூக்கம் போனது. சமையலில் உப்பும் போனது. இந்த நேரத்தில்தான் அப்பா என்னிடம், "உங்க மாமன் ஏன்டா இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறான்?" என்று வருத்தப்பட்டார். நான் அவரை உற்றுப் பார்த்தேன். பலன் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மாடியேறினாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு என்னதான்டா பயம்? சொல்லு."

மாமா திருப்புளியைக் கீழே வைத்தார். "அக்கா, எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆறு மாசமா ரத்தம் போகுது. கண்ணுக்கே தெரியும். அப்பப்ப."

அம்மா கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். "அப்ப அத்தானுக்கு உதவின்னு சொன்னது?"

"அத்தான் கேக்கல. நான்தான் குடுங்கன்னு வாங்கினேன்." மாமா தரையைப் பார்த்தார். "என் பேர்ல போனா என்னைக் கூப்பிடுவாங்க. அத்தான் பேர்ல போனா நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சுக்கலாம்னு..."

"நல்லா இல்லன்னு வந்தா?"

"அத்தானைத்தானே கூட்டிட்டுப் போவாங்க. அதுக்குள்ள யோசிச்சுக்கலாம்னு இருந்தேன்."

நான் இந்தத் திட்டத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒருவருக்கு ரத்தம் போகிறது, இன்னொருவருக்குக் கேமரா போகிறது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இவர் பழுதுபார்த்த லிஃப்ட்டில்தான் நான் தினமும் கல்லூரியில் மாடி ஏறுகிறேன்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் தலையணையை எடுத்து மாமாவை நாலு சாத்து சாத்தினாள். ஐந்தாவதுக்குக் கை ஓங்கியவள் அப்படியே அவர் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். "சட்டையை மாத்து" என்றாள்.

கண்ணுக்கே ரத்தம் தெரிந்தவருக்கு டப்பா எதற்கு, நேராக டாக்டரிடம் வர வேண்டியதுதானே என்று கிளினிக்கிலும் திட்டு விழுந்தது. மாமா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கேமராவுக்கு முந்தின நாள், குடலைச் சுத்தம் செய்ய ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடம் குடமாகக் குடித்தார். வீட்டில் இருப்பது ஒரே கழிவறை. நாங்கள் பக்கத்து வீட்டோடு உறவை வளர்த்துக்கொண்டோம். சோதனையின்போது மயக்க மருந்து கொடுத்ததால் எதுவும் தெரியவில்லையாம். "இதுக்கா பயந்தேன்? அந்தப் பொடித் தண்ணிக்குல்ல பயந்திருக்கணும்" என்றார் வெளியே வந்து.

உள்ளே சதைக்கட்டிகள் இரண்டு இருந்தன. அங்கேயே வெட்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. நான்கூட.

முடிவு வந்த அன்று நாலு பேரும் டாக்டர் அறையில் உட்கார்ந்தோம். அவர் சின்ன வயசுப் பெண், மெதுவாகப் பேசினார்.

"சின்னது ஒண்ணும் இல்ல. பெரியது புற்றா மாறக்கூடியது, ஆனா இன்னும் மாறல. முழுசா எடுத்தாச்சு. இன்னும் சில வருஷம் விட்டிருந்தா நான் இப்படிச் சிரிச்சுட்டுப் பேசிட்டு இருக்க மாட்டேன். திரும்ப எப்ப பாக்கணும்னு எழுதித் தர்றேன், கரெக்டா வாங்க."

மாமா மூச்சு விட்டார். அப்பா அவர் முதுகில் தட்டி, "நல்லவேளை, நான் டப்பாவைக் குடுத்தேன்" என்றார். இதற்கு அம்மா பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "கூடப் பிறந்தவங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். அவங்க டப்பாவோட நிறுத்தக் கூடாது, கேமராவே வச்சுப் பாத்துடணும். கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

நாங்கள் மூன்று ஆண்களும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"எனக்கா?" என்றாள் அம்மா. "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அக்கா, உனக்கு ஐம்பத்தி மூணு" என்றார் மாமா.

"அந்த நர்ஸம்மா எனக்கும் ஒரு டப்பா குடுத்தாங்க. உங்க அத்தானோடது முதல்ல முடியட்டும்னு எடுத்து வச்சிருக்கேன்."

"எங்க வச்சிருக்க?" என்றேன்.

"பத்திரமா வச்சிருக்கேன்டா. நான் ஒரு நாள் படுத்தா வீட்டை யாரு பாக்கறது? எல்லாம் நிதானமா பாத்துக்கலாம்."

அப்பா முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "இந்தா, உனக்கு என்ன வெட்கமா?"

நான் எழுந்து, வெளியே நாள் குறித்துத் தருகிற மேசைக்குப் போய் அம்மாவின் பெயரைச் சொன்னேன். பின்னாலேயே வந்துவிட்டாள்.

"டேய், அந்தத் தேதி வேணாம். அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு."

மேசையில் இருந்த பெண் இன்னும் தேதியே சொல்லவில்லை.